தீபாவளி கழிந்து நடவுக்கு வருகிறேன் என்ற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. யார்டு வேலையை விட்டுவிட்டு, தீபாவளி கழிந்ததும் வந்து அப்பா நிலத்தில் நடவு போடப்போகிறேன் என்றாய். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கூடவே, "மழைதான் வந்துடுச்சே அக்கா, இனிமே தண்ணிக்கு என்ன கவலை" என்றாயே, அதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வேலை பார்த்துக்கொண்டு, மீஞ்சூர் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு விட்டிருக்கிற பிள்ளைகள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

ஐப்பசியில் நெல் வைத்திருப்பவளுக்குத் தண்ணீரைக் கொண்டுவரும் வேலை கிடையாது. வந்த தண்ணீரை வெளியே அனுப்புவதுதான் வேலை. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அது ஒன்றுதான்.

இந்த வாரத்தில் ஒரு நாளைச் சொல்கிறேன். காலை நாலரைக்கு மணலி புதுநகரில் வண்டியை எடுத்தேன். டிபிபி ரோட்டில் (திருவொற்றியூர்-பொன்னேரி-பஞ்செட்டி ரோடு) கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, தண்ணீர் நின்ற பள்ளம் எது, தார் எது என்று தெரியாமல் தடவித் தடவி வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. டார்ச் அடித்துக்கொண்டு முதலில் வரப்பைச் சுற்றினேன். மழைக்காலத்தில் பாம்புக்கும் எலிக்கும் காய்ந்த இடம் வரப்பு மட்டும்தான். அதனால் ஒவ்வொரு அடியும் பார்த்து வைக்க வேண்டும். நண்டு வளை இருக்கிற இடங்களைக் கையால் துழாவி, வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்துக்கொண்டே வந்தேன். ஒரு வளையை விட்டுவிட்டால் போதும், ராத்திரிக்குள் அது உடைப்பாகிவிடும். மேல் வயல் தண்ணீர் மண்ணோடு வந்து நட்ட நாற்றை மூடிவிடும்.

அப்புறம் மடை, வயல் தண்ணீர் வடிகிற வாய். அதை எவ்வளவு திறப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கூடத் திறந்தால் போட்ட உரமும் மேல்மண்ணும் வடிகாலோடு போய்விடும். குறையத் திறந்தால் நாற்றின் நுனி முழுகிவிடும். நட்டுப் பத்து நாள்கூட ஆகாத நாற்று மூன்று நான்கு நாள் முழுகிக் கிடந்தால் அழுக ஆரம்பித்துவிடும். மதியம் ஒரு தரம், சாயந்திரம் ஒரு தரம் மறுபடி போய்ப் பார்த்தேன். மூன்று தரமும் நீர்மட்டம் வேறு வேறாக இருந்தது.

நாற்றங்காலில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஆவணிக் கடைசியில், ஒரு ஏக்கருக்கு 8 சென்ட் கணக்கில் சேறு அடித்துத் தயாராக வைத்திருந்தேன். விதையை 24 மணி நேரம் ஊறப்போட்டு, சாக்கில் கட்டி, இன்னும் 24 மணி நேரம் முளை கட்டினேன். முளை வந்த விதை மழைக்காகக் காத்திருக்காது. இன்னொரு நாள் சாக்கிலேயே கிடந்தால் சூடேறி, வேர் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதனால் வானம் கருத்திருந்தும் விதைத்தேன். மறுநாள் வழக்கம்போலத் தண்ணீரை வடித்துவிட்டேன். அன்று ராத்திரி அடித்த மழையில், விடிந்து பார்த்தால் பாத்தியில் பாதி மொட்டையாக இருந்தது, விதையெல்லாம் மடை ஓரத்தில் குவியலாகக் கிடந்தது. அப்பா இருந்திருந்தால் மழை வரும் என்று தெரிந்த ராத்திரி இரண்டு விரல்கடைத் தண்ணீரை விட்டுவைத்திருப்பார், துளி நேராக விதைமேல் விழாமல் இருக்க. சின்ன வயதில் அவர் அப்படிச் செய்ததை நான் கூடவே நின்று பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

மறுபடி விதை வாங்கி விட்டதில் மூன்று வாரம் தள்ளிப்போனது. அதனால்தான் இந்த முறை 105, 110 நாளில் வருகிற கோ 51 போட்டிருக்கிறேன். வெள்ளம் தாங்குகிற நெல் இருக்கிறதாமே என்று நீ கேட்டாய். இருக்கிறது. சி.ஆர்.1009 சப்-1 என்று பெயர். முழுகினால் மற்ற பயிர் மூச்சுக்காக உயரமாக வளர்ந்து சத்தைத் தீர்த்துக்கொள்ளும். இது வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், இரண்டு வாரம்வரை தாங்கும். ஆனால் அது 150 நாளுக்கு மேல் போகிற நெல். ஆவணியில் விதைத்தால் தை மாதம் அறுக்கலாம். நீ சொல்கிறபடி தீபாவளி கழிந்து விதைத்தால் பங்குனி தாண்டிவிடும். அப்போது ஆழ்துளை போர் தண்ணீரைத்தான் பாய்ச்ச வேண்டும். நம் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும், உப்பு, வாயில் வைக்க முடியாது.

அந்த உப்பு நம் மண்ணின் பெரிய துக்கம். சென்னைக்குக் குடிக்கவும் ஆலைகளுக்கும் மீஞ்சூர் நிலத்தடியிலிருந்து இறைத்து இறைத்து, கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. நமக்கு நல்ல தண்ணீர் என்றால் மழைத் தண்ணீர்தான். அதனால் அதை வடிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அப்பா இதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். முதல் மழையைக் கட்டி, சேடை ஓட்டி, அதாவது சேறாக உழுது, அந்தக் கலங்கல் தண்ணீரை முழுக்க வடித்துவிடுவார். உப்பில் ஒரு பங்கு அதோடு போய்விடும். இரண்டாவது மழையைத்தான் பயிருக்கு நிறுத்துவார். இதெல்லாம் வடிகால் ஓடினால்தான் நடக்கும்.

அந்த வடிகால்தான் இப்போது ஓடுவதில்லை. ரோட்டோரம் மனை போட்டவர்கள் வாய்க்காலைத் தூர்த்து, மண்ணடித்து ரோடு மட்டத்துக்கு உயர்த்திவிட்டார்கள். நம் வயல் பள்ளமாகிவிட்டது. மிச்சம் இருக்கிற வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடக்கின்றன. ஆற்றின் மேலே இருக்கிற பூண்டி ஏரி அதன் முழு மட்டமான 35 அடியை நெருங்கி உபரி நீர் திறந்துவிட்டால் வள்ளூர் அணைக்கட்டில் கொசஸ்தலையாறு நிரம்பி ஓடும். அப்போது நம் வடிகால் ஆற்றில் இறங்காது, எதிர்த்து வயலுக்கே ஏறும். முகத்துவாரத்தில் கடல் ஏற்றமாக இருந்தால் இன்னும் மெதுவாகத்தான் வடியும். 2021 நவம்பரில் மணலி புதுநகரில் நம் வீட்டுக்குள் வந்த தண்ணீரும், அதே வாரம் வயலை மூழ்கடித்த தண்ணீரும் ஒரே ஆற்றுத் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே கதைதான். அந்த வருஷம் 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் என்று அறிவித்தார்கள். ஏக்கருக்குப் பார்த்தால் ஏழாயிரத்துக்கும் கீழே. நடவுக்கூலியும் உழவுக்கூலியும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும்.

ஆள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிச்சம் இருக்கிற நடவுக்கு வருகிற அக்காக்கள் மூன்று நாள் வந்து வந்து திரும்பிப் போனார்கள். இடி இடிக்கும்போது வெட்டவெளியில் அவர்களை நிற்கச் சொல்ல எனக்கு மனசு வராது, நீயும் சொல்லாதே. ஆனால் நாற்று வயசு ஏறிக்கொண்டே போகிறது. முற்றின நாற்றை நட்டால் தூர் கட்டாது, பக்கத்தில் புது முளை விடாது. அவர்கள் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். மருதாணி அரைத்துப் பூசிக்கொண்டு மறுநாளும் இறங்குகிறார்கள். கூலி கணக்குப் பார்க்கும்போது அந்தக் கால்களையும் நினைத்துக்கொள்.

உரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீர் நிற்கும்போது பயிர் மஞ்சளாகிறதே என்று பதறி யூரியா வீசாதே, கரைந்து போய்விடும். முதலில் வடிக்க வேண்டும். வடிந்தபிறகு ஏக்கருக்கு 22 கிலோ யூரியாவோடு 18 கிலோ ஜிப்சமும் 4 கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து ஒரு ராத்திரி வைத்து, காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போடச் சொல்வார்கள். நான் போட்டுப் பார்த்தேன், பயிர் பச்சை திரும்பியது.

இப்போது நான் கேட்பது இதுதான். வேலையை விடாதே, இந்தச் சாகுபடிப் பட்டத்துக்கு விடவே விடாதே. வருகிற ஆடியில் பத்து நாள் லீவு போட்டு வா. நம்மைச் சுற்றி இருக்கிற நாலைந்து நிலக்காரர்களிடம் நான் பேசி வைத்திருக்கிறேன். ஜேசிபி வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டு, மிச்சம் இருக்கிற வடிகாலை ஆற்றுவரை தூர்வாரிவிடலாம். தூர்த்துவிட்ட பகுதிக்கு எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கலாம், பழைய வரைபடத்தில் வாய்க்கால் இருக்கிறது. அது முடிந்து ஆவணியில் விதை விட்டால், நீ நடுகிற முதல் நடவு மழைக்கு முன்னாடியே வேர் பிடித்திருக்கும்.

அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் வா. இந்த ஞாயிறு முதல் ரயிலில் மீஞ்சூரில் இறங்கிவிடு, ஸ்டேஷனில் நிற்கிறேன். ஷூ வேண்டாம், சேறு பிடித்து இழுத்துவிடும். மாற்றுத்துணி எடுத்துக்கொள். யார்டில் பழைய சாக்கு கிடைத்தால் பத்து கொண்டுவா, கிழக்கு வரப்பில் மண்மூட்டை அடுக்க வேண்டும். அப்பாவின் மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா