ஹெரால்டுக்குக் கிரீஸ் அடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் பழைய கார்களைப் பற்றி வந்த கட்டுரையை இங்கே கவென்ட்ரியில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். படங்கள் பிரமாதம். அதிலும் அந்த வெளிர்நீல ஸ்டாண்டர்டு ஹெரால்டு படத்தை என் பெரியப்பா மகனுக்கு உடனே அனுப்பிவிட்டேன். ஆனால் கட்டுரைக்குக் கீழே 'பராமரிப்புக் குறிப்புகள்' என்று ஒரு கட்டம் போட்டிருந்தீர்களே, அதில் "ஆறு மாதத்துக்கு ஒரு முறை முன்சக்கர நிப்பிள்கள் அனைத்திலும் கிரீஸ் அடிக்கவும்" என்று ஒரு வரி இருக்கிறது (நிப்பிள் என்பது கிரீஸோ ஆயிலோ உள்ளே செலுத்துகிற சின்ன முனை). பக்கத்திலேயே ஹெரால்டு படம். அதை நம்பி யாராவது ஒரு ஹெரால்டுக்குக் கிரீஸ் அடித்துவிடப் போகிறாரே என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1979-ல் நடந்ததைச் சொல்கிறேன். குரோம்பேட்டையில் பெரியப்பாவிடம் ஒரு ஹெரால்டு இருந்தது. வண்டலூர்ப் பக்கம் தயாரான வண்டி என்பதால் எங்களுக்கு அது கிட்டத்தட்ட உள்ளூர்ப் பிள்ளை மாதிரி. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பல்லாவரம் சந்தைக்குப் போய்விட்டு, வண்டியைத் திருப்புவதற்காகப் பெரியப்பா ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தார். படக்கென்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் இடது முன்சக்கரம் கால் மடங்கின மாதிரி மட்கார்டுக்கு அடியில் படுத்துக் கிடக்கிறது. நல்லவேளை, வேகமே இல்லை. அப்பாயி அன்று இரவே பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழித்தார். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "ரோடு அப்படி சார்" என்றார். மாதம் தவறாமல் கிரீஸ் அடித்த வண்டி, அதற்கு மேல் யார் என்ன செய்ய முடியும் என்று எல்லோரும் விட்டுவிட்டோம்.

அது ஏன் உடைந்தது என்று எனக்குத் தெரிய வருவதற்குள் முப்பத்தேழு வருஷம் ஓடிவிட்டது.

2016-ல் இங்கே ஒரு ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் வாங்கினேன். 1972-ல் வந்த நான்காம் மார்க், 1296 சிசி. வாங்கினேன் என்பதைவிட அள்ளிக்கொண்டு வந்தேன் என்பதுதான் சரி. பாதி வண்டி வண்டியாகவும் மீதி நான்கு பால் கிரேட்டிலும் வந்து சேர்ந்தது. "ஊரில் இதைப் போட்டால் பேரீச்சம்பழம்கூடத் தர மாட்டான்" என்றாள் மனைவி. மரை கழண்டவன் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த முன்பக்க மூடியைத் தூக்கியதும் எனக்கு ஒரு கணம் பெரியப்பா வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. ஹெரால்டு மாதிரியே மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து மூக்கோடு ஒரே துண்டாக முன்னால் கவிழ்கிறது. முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினின் டேப்பெட் (வால்வு இடைவெளி) பார்க்கலாம், குனிந்து முதுகு ஒடிய வேண்டியதில்லை.

இரண்டும் ஒரே குடும்பம்தான். 1959-ல் இங்கிலாந்தில் ட்ரயம்ஃப் என்ற பெயரில் வந்த ஹெரால்டுக்கும் 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயருக்கும் உருவம் வரைந்தவர் ஒருவரே, இத்தாலியர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி (முன்பின் சக்கர இடைவெளி 91.5 அங்குலத்திலிருந்து 83-க்கு வந்தது) அதன் மேல் இரண்டு பேர் உட்காரும் திறந்த உடம்பை வைத்தால் அதுதான் ஸ்பிட்ஃபயர். என் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை, கான்லியில் 1980 வரை செய்தார்கள். ஆக, சென்னையில் ஹெரால்டைக் கழற்றி மாட்டிய எந்த மெக்கானிக்கும் ஸ்பிட்ஃபயரில் பாதியை ஏற்கெனவே பார்த்தவர்தான்.

சரி, கிரீஸுக்கு வருகிறேன். முன்சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்தான இரும்புத் தண்டு ஒன்று இருக்கிறது. அதன் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை, ட்ரனியன் என்கிற பித்தளை நிறக் கட்டிக்குள் திருகி உட்கார்ந்திருக்கிறது. நாம் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள்ளேயே சுழல்கிறது. அதாவது வண்டியின் முன்பாரம் ஒரு மரைமேல் நிற்கிறது, அந்த மரை நாள் முழுக்கத் திரும்பிக்கொண்டும் இருக்கிறது. அங்கே போக வேண்டியது கியர் பாக்ஸில் ஊற்றுகிற 90-ஆம் நம்பர் ஆயில். கம்பெனிக் கையேடே ஆயில் என்றுதான் சொல்கிறது. ஆனால் நிப்பிள் என்று ஒன்றைக் கண்டால் கிரீஸ் கன்னை மாட்டி அடிப்பதுதானே நம் கைப்பழக்கம். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது, நாளாக நாளாக மெழுகு மாதிரி இறுகிவிடும், அப்புறம் நீங்களே ஆயில் விட நினைத்தாலும் உள்ளே போக வழி இருக்காது. தண்ணீர் மட்டும் எப்படியோ போய்விடும். உள்ளே தண்டு துருப்பிடித்து, மரை தொடங்குகிற இடத்தில் இளைத்து, ஒரு நாள் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கிற நேரத்தில் முறியும்.

என் ஸ்பிட்ஃபயரின் வலது பக்கத் தண்டைக் கழற்றியபோது நான் பார்த்தது அதேதான். மரை முழுக்கக் காய்ந்த கறுப்புக் கிரீஸ், புளியோதரையில் ஒட்டின புளிக்காய்ச்சல் மாதிரி. சுரண்டி எடுத்தால் கீழே மோதிரம் போட்டது போல ஒரு துருவளையம். விரல் நகத்தை வைத்தால் பள்ளம் தெரிகிறது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் பல்லாவரம்தான். அன்றைக்கு ராத்திரி பத்தரை மணிக்கு (அங்கே அதிகாலை என்பதுகூட உறைக்கவில்லை) பெரியப்பா மகனுக்குப் போன் போட்டு, "டேய், அது ரோடும் இல்லை திருஷ்டியும் இல்லை, கிரீஸ்டா" என்றேன்.

இது ஏதோ ஏழைக் காரின் கோளாறு என்று நினைக்க வேண்டாம். இந்தத் தண்டையும் ட்ரனியனையும் லோட்டஸ் எலான் என்கிற விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் காரிலேயே போட்டிருக்கிறார்கள். விலை எவ்வளவு ஆனாலும் அதற்கும் அதே ஆயில்தான்.

உங்கள் வாசகர்களில் யாராவது இதைக் கழற்றுவதாக இருந்தால் இரண்டு விஷயம். இடது ட்ரனியனும் வலது ட்ரனியனும் எதிரெதிர் மரை, மாற்றிப் போட முடியாது. திருகும்போது கடைசி வரை இறுக்கி, அப்புறம் ஒரு சுற்றுக்குள் பின்னால் திருப்பி நேராக நிறுத்த வேண்டும். கடைசி வரை இறுக்கி அப்படியே விட்டால் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது மரை அடியில் போய் முட்டும். ஆயிலை, மேல் சீலில் கசிந்து வெளியே வருகிற வரை அடியுங்கள். தரையில் சொட்டத்தான் செய்யும். சொட்டட்டும்.

கட்டுரையில் இன்னொரு வாக்கியமும் உறுத்தியது. பழைய கார்களைப் புதுப்பிப்பது "வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு" என்று. வசதி படைத்தோர் செய்வது வேறு, அவர்கள் வண்டியை ஒரு கடையில் விட்டுவிட்டு ஒரு வருஷம் கழித்து மினுமினுவென்று எடுத்துவருவார்கள். நான் சொல்வது தன் கையால் செய்வது. எனக்கு நான்கு குளிர்காலம் ஆனது. வண்டிக்குக் கொடுத்த பணத்தைவிடத் தகரத்துக்கும் ரப்பருக்கும் அதிகம் கொடுத்தேன் என்பது உண்மைதான், பொய் சொல்லவில்லை. ஆனால் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக. அதில் பாதி என் தப்புக்குக் கொடுத்த விலை.

பெரிய தப்பு, கதவுக்குக் கீழே ஓடுகிற சில் பெட்டியில் செய்தது. ஹெரால்டுக்கு அடிச்சட்டத்தில் பக்கவாட்டுக் கம்பிகள் உண்டு, ஸ்பிட்ஃபயருக்கு அவை கிடையாது, அந்தப் பாரத்தை இந்தச் சில் தகரம்தான் சுமக்கிறது. அது தெரியாமல், துருப்பிடித்த தகரத்தை ஒரு பக்கம் முழுக்க வெட்டி எறிந்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து கதவை மூடினால் மூடவில்லை. வண்டி நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் தொய்ந்துவிட்டது. கதவு இடைவெளியில் குறுக்கே ஓர் இரும்புச் சட்டத்தை முதலில் முட்டுக்கொடுத்துவிட்டு வெட்டியிருக்க வேண்டும். முட்டுக்கொடுக்காமல் சுவரை இடிக்கக் கூடாது என்று ஒரு கொத்தனாருக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. மறுபடி ஜாக் வைத்துத் தூக்கி, அளந்து, ஒட்டின ஒட்டையெல்லாம் பிரித்து, ஒரு குளிர்காலம் அதற்கே போயிற்று.

இன்னொன்று ஸ்பேனர். இந்த வண்டிகளில் முக்கால்வாசி நட்டு 7/16, 1/2, 9/16 என்று அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டில் 13-ஆம் நம்பர் (மில்லிமீட்டர்) ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்தும், அந்தக் 'கிட்டத்தட்ட'தான் நட்டின் முனையை உருட்டிவிடும். அப்புறம் உளியும் சுத்தியலும்தான்.

எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனைக்குக் கருவியே வேண்டாம். ஒருவர் கிளட்சை மிதிக்க வேண்டும், நீங்கள் முன்னால் நின்று கிராங்க் புல்லியை (எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்கின் முன்முனையில் இருக்கிற சக்கரம்) பார்க்க வேண்டும். என் வீட்டில் மிதித்தது மனைவி, "எவ்வளவு நேரம்பா" என்று கேட்டுக்கொண்டே. புல்லி முன்னால் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால், கிராங்க்கின் பின்பக்கம் இருக்கிற அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள் (கிராங்க் முன்பின் நகராமல் தடுப்பவை) தேய்ந்துவிட்டன என்று பொருள். அவை கழன்று எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற சம்ப்பில் விழுந்துவிட்டால், கிராங்க் போய் எஞ்சின் பிளாக்கையே அரைத்துவிடும், அப்புறம் பிளாக்கே போச்சு. முன்கூட்டியே கண்டுபிடித்தால் எஞ்சினை இறக்காமலே, சம்ப்பைக் கழற்றி மாற்றிவிடலாம். வாஷரில் தடம் வெட்டின முகம் கிராங்க்கைப் பார்க்க வேண்டும், திருப்பிப் போட்டவர்கள் உண்டு. பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஆகவே அந்தத் தூளைக் காற்றடித்து ஊத வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். பெட்ரோல் ரப்பர்க் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். இங்கே 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால், அங்கே உங்களுக்கு 20. பழைய ரப்பர் அதைத் தாங்காது, எஞ்சின் சூட்டுக்கு மேலேயே ஒழுகும்.

ஹெரால்டுகள் எல்லாமே இப்போது ஐம்பது வயதைத் தாண்டியவை. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, மாற்றம் செய்யாத ஐம்பது வருஷ வண்டியை 20,000 ரூபாய் கட்டி விண்டேஜ் வண்டியாகப் பதியலாம், பத்து வருஷத்துக்குச் செல்லும். தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது, கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க மட்டும்தான். இதைக் கட்டுரையில் சொல்லியிருந்தால் எங்காவது தார்ப்பாய்க்கு அடியில் அப்பாவின் ஹெரால்டு கிடக்கிற வீடுகளுக்கு உதவியாக இருந்திருக்கும்.

வருகிற ஞாயிறு, முடிந்தால் அதே இடத்தில், அதே அளவு கட்டத்தில் திருத்தம் போடுங்கள்: ஹெரால்டின் ட்ரனியனுக்கு 90-ஆம் நம்பர் கியர் ஆயில், கிரீஸ் அல்ல. ஏற்கெனவே அடித்துவிட்டவர்கள் மேலே ஆயிலை அடித்துச் சமாளிக்கப் பார்க்காமல், கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, தண்டில் துருவளையம் இருக்கிறதா என்று நகத்தை வைத்துப் பார்க்கட்டும். இருந்தால் அந்தத் தண்டை மறுபடி மாட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
குரோம்பேட்டைக்காரன்,
கவென்ட்ரி, இங்கிலாந்து