எட்டாயிரம் ரியாலும் நாலு பவுனும்

அக்கா,

இன்று மார்கழி மூன்று. நீ விடியற்காலையிலேயே கோலம் போட்டு முடித்திருப்பாய். எனக்கு இன்று டிசம்பர் 18, 2025. கத்தாரில் அர்ஜென்டினாவும் பிரான்சும் ஆடிய உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டி, அந்த மேட்ச் நடந்து மூன்று வருஷம்.

எந்த மேட்ச் என்று நீ கேட்க மாட்டாய். மூன்று வருஷமாகக் கேட்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போன் பண்ணினால் சாப்பிட்டியா, அங்க குளிரா, அப்பாவுக்கு மாத்திரை தீந்துபோச்சு, அவ்வளவுதான். பேச்சை நான் அந்தப் பக்கம் திருப்பினால் "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். நம் வீட்டு அடுப்பில் எந்நேரமும் பால் காய்ந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உன் பையன், என் மாப்பிள்ளை, உனக்குப் படித்துக் காட்டுவான். ஊர்க்காரர்கள் நாலு பேரும் படிப்பார்கள் என்று தெரியும், ஆகவே சில இடங்களில் மழுப்புவேன். உனக்குப் புரியும்.

கஜா புயலுக்கு அப்புறம் நடந்ததை நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. விழுந்த தென்னைகளை எண்ணியவளே நீதான். எதை அடகு வைத்து எனக்கு விசா வந்தது என்பதையும் விட்டுவிடுகிறேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்: அந்த டிக்கெட்டைக் கம்பெனியில் சும்மா கொடுத்தார்கள் என்று சொன்னேனே, அது பொய். 750 ரியால் கொடுத்து வாங்கினேன்.

கத்தாரில் வசிக்கிறவர்களுக்கென்று நாலாவது வகை என ஒரு டிக்கெட் வைத்திருந்தார்கள். முதல் சுற்று ஆட்டத்துக்கு 40 ரியால். அது நிஜமாகவே மலிவுதான், தொழிற்பேட்டைப் பக்கம், சனையாவில் எங்கள் ரூமில் அத்தனை பேரும் விண்ணப்பம் போட்டோம். நான் விளையாட்டாக இறுதிப் போட்டியையும் சேர்த்துப் போட்டேன். குலுக்கலில் விழுந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்கு அதே இறுதிப் போட்டி குறைந்தது 2,200 ரியால், நல்ல இடமென்றால் 5,850. அந்தக் கணக்கில் 750 ரியால் கொள்ளை மலிவு என்று ரூமில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் இந்த நாட்டில் சட்டப்படி குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமே மாசம் 1,000 ரியால். என் சம்பளம் அதற்குக் கொஞ்சம் மேலே. எவ்வளவு மேலே என்று இங்கே எழுத மாட்டேன், பெண் பார்க்கிறவர்களும் படிப்பார்கள்.

நம் காசுக்கு 17,000 ரூபாய். அந்த மாசம் பணம் குறைந்ததற்கு ஓவர்டைம் இல்லை என்றேன். நீ "சரிடா" என்றாய்.

அதற்கு மட்டும் என்றால் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன். உன்னை உறுத்துவது 750 இல்லை, 8,000. என் ரூம்மேட் லீவில் வந்தபோது நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ஒங்க தம்பி எட்டாயிரம் ரியால வேணாம்னுட்டான்க்கா" என்று சொல்லியிருக்கிறான். அவன் பெருமையாகத்தான் சொன்னான், பாவம். காபி போடுகிறேன் என்று நீ எழுந்து உள்ளே போய்விட்டாயாம். காபி வர ரொம்ப நேரமாயிற்று என்றான்.

என்ன நடந்தது என்பதை நான் சொல்லிவிடுகிறேன்.

அன்று ஞாயிறு. கத்தாருக்கு தேசிய தினம், எங்களுக்கு லீவு. மேட்ச் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுத்த ஹய்யா அட்டை இருந்தால் மெட்ரோ இலவசம். ஆட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு, நான் இரண்டு மணிக்கே ஸ்டேடியம் இருக்கிற லுசைலில் இறங்கிவிட்டேன். ரூமிலேயே சாதம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன், அங்கே எதையும் வாங்கக் கூடாது என்று. ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்தால் எங்கு பார்த்தாலும் அர்ஜென்டினாவின் வெள்ளையும் வெளிர்நீலமும். பாதிப் பேருக்கு மேல் டிக்கெட் இல்லை. அட்டையில் எழுதிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், நம் ஊரில் கதிரறுப்பு சமயத்தில் ஆள் கூப்பிட வருகிறவர்களைப் பார்க்கிற மாதிரி வருகிற முகத்தையெல்லாம் பார்க்கிறார்கள்.

அதில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அத்தான் வயசு இருக்கும். கழுத்தில் கொடி, கண் சிவந்து கிடந்தது. போன் கால்குலேட்டரில் 5000 என்று அடித்துக் காட்டினார். தலையாட்டிவிட்டு நகர்ந்தேன். கூடவே வந்தார். 6500. அப்புறம் 8000. மொழிபெயர்க்கிற ஆப்பில் ஏதோ பேசி என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் வந்த ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். காரை விற்றுவிட்டு வந்திருக்கிறேன், என் அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்றது. அப்பா உயிரோடு இருக்கிறாரா, படத்தின் முன்னால் நின்று சொல்லிவிட்டு வந்தாரா, ஆப்புக்குத் தெரியவில்லை.

எனக்குக் கணக்கு வேகமாக வரும், உனக்குத் தெரியுமே. 8,000 ரியால் என்றால் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். பேங்கில் அடகு வைத்த உன் நாலு பவுன் சங்கிலிக்கு அசலும் வட்டியும் சேர்த்து லட்சத்துச் சொச்சம். மீட்டுக் கொடுத்தாலும் கையில் மிச்சம் இருக்கும். கால்குலேட்டர் தேவையில்லை, அவர் எண்ணை அடித்து முடிக்கும் முன்பே உன் கழுத்து எனக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்லவில்லை. தெரிந்தது.

அனுமதியில்லாமல் டிக்கெட் விற்றால் இரண்டரை லட்சம் ரியால் வரை அபராதம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். அதற்குப் பயந்துதான் விற்கவில்லை என்று ரூமில் சொன்னேன். உன்னிடமும் அதையே சொல்லலாம் என்று ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அது காரணமில்லை அக்கா. போனில் இருக்கிற டிக்கெட்டை எப்படிக் கைமாற்றுவது என்று எங்கள் ரூமில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும்.

காரணத்தை எப்படிச் சொல்வது? அந்த ஸ்டேடியத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் எட்டு மாசம் ஏசி டக்ட் மாட்டியிருக்கிறேன். ஜூலை வெயிலில். இந்த ஊரில் எந்தப் பெரிய கட்டடத்துக்குள் போனாலும் பின்வாசல், கையில் டூல்ஸ் பை, பேட்ஜ் எங்கே என்று ஒரு கேள்வி. அன்றைக்கு முன்வாசல். என் பெயருக்கு டிக்கெட், என் பெயருக்கு ஒரு நாற்காலி. ஸ்கேன் பண்ணிய பெண் "வெல்கம்" என்றாள். எல்லோரிடமும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

அவர் கடைசியில் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். அவர்கள் ஊரில் அப்படிக் கும்பிடுவார்களா தெரியாது, எங்களைப் பார்த்துப் பழகிக்கொண்டாரோ என்னவோ. நான் "சாரி" என்று சொல்லிவிட்டுக் கிட்டத்தட்ட ஓடினேன்.

இப்போது நீ சொல்லப் போவது எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்ல மாட்டாய். அது எனக்கு இன்னும் கோபம். நான் ஆறு வருஷமாக அனுப்பியதில் கூரை போட்டது, அப்பா கண் ஆபரேஷன், கொரோனா வருஷத்தில் பாதிச் சம்பளத்திலும் அனுப்பியது, இதையெல்லாம் யாரும் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்காகச் செலவழித்தது மட்டும் ஊருக்கே தெரிகிறது. போர்வெல் போட்ட வகையில் போன பணத்தைப் பற்றி நான் வாய் திறந்திருக்கிறேனா? சரி, அது இங்கே வேண்டாம். அத்தான் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதே மாதிரி அதிராம்பட்டினத்துக்கு மேட்ச் பார்க்கப் போன சைக்கிள் கதை. எத்தனை கல்யாணத்தில், எத்தனை காதுகுத்தில் அதைச் சொல்லியிருக்கிறாய்! ஐந்து ரூபாய்தான் இருந்தது, அவனை உள்ளே அனுப்பிவிட்டு நான் தட்டிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று. எல்லோரும் சிரிப்பார்கள். நீ கடலை வாங்கித் தின்றுகொண்டு நின்றதையும், திரும்பி வரும்போது பட்டுக்கோட்டை வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே மிதித்ததையும் சொல்ல மாட்டாய். எனக்கு அந்தத் திட்டுதான் நன்றாக நினைவிருக்கிறது.

மேட்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லட்டுமா? கோலுக்குப் பின்னால், உச்சியில் என் இடம். கீழே ஆடுகிறவர்கள் நாற்றங்காலில் நிற்கும் கொக்கு மாதிரி தெரிந்தார்கள். பாதி நேரம் பெரிய திரையைத்தான் பார்த்தேன், அதற்கு ரூமிலேயே உட்கார்ந்து பார்த்திருக்கலாம். போதாததற்கு நான் பிரான்ஸ் பக்கம். ரூமில் இருந்த மலையாளிகள் எல்லோரும் அர்ஜென்டினா, அவர்களோடு வம்பு பண்ணவே பிரான்ஸ் பக்கம் போனவன் நான். 80 நிமிஷம் வரைக்கும் அர்ஜென்டினா 2-0, பிரான்ஸ் மைதானத்தில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. உன் சங்கிலியை விட்டுவிட்டு இதைப் பார்க்கவா வந்தோம் என்று வயிற்றைக் கலக்கியது. அப்புறம் பிரான்ஸின் எம்பாப்பே ஒன்றரை நிமிஷத்தில் இரண்டு அடித்தான். கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி ஒன்று, திரும்பவும் எம்பாப்பே. 3-3. கடைசி நிமிஷத்தில் கோலோ முவானி தனியாகப் பந்தோடு போகிறான், அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்ட்டினெஸ் காலை நீட்டித் தடுத்தார். பெனால்டியில் 4-2. இறுதிப் போட்டியில் மூன்று கோல் அடித்தவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். 88,966 பேர் இருந்தார்கள் என்று அறிவித்தார்கள். எனக்கு அந்தக் கொடி போட்ட ஆளின் ஞாபகம். அவர் ஊர் ஜெயித்துவிட்டது, அவர் சுவருக்கு வெளியே நிற்கிறார்.

அப்போதுதான் போனை எடுத்துப் பார்த்தேன். உன் வாய்ஸ் மெசேஜ், 14 செகண்ட். நம் ஊரில் அப்போது ராத்திரி பதினொன்றரை ஆகியிருக்கும். ஒன்பது மணிக்குப் படுத்துவிடுகிறவள் நீ.

"டேய், எட்டரையிலேர்ந்து பாக்குறேன். ஆளுங்களக் காட்டும்போதெல்லாம் ஒன்னத் தேடுறேன். நீலச் சட்ட போட்டவன் அம்புட்டுப் பேரும் ஒன்ன மாதிரியே இருக்கானுங்க. தொப்பி கிப்பி போட்டுருக்கியாடா?"

நான் அதற்குப் பதில் போடவில்லை. ஏன் போடவில்லை என்று இன்னமும் தெரியவில்லை. இரண்டு போன் மாற்றிவிட்டேன், அந்த 14 செகண்டையும் கூடவே மாற்றி வைத்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் நகை மூழ்கியது. பாப்பா சடங்கில் நீ கவரிங் போட்டு நின்ற போட்டோவை மாப்பிள்ளை அனுப்பினான். நன்றாகத்தான் இருந்தது, தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. நான் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன்.

அதற்கு மன்னித்துவிடு. டிக்கெட் வாங்கியதற்கும், பொய் சொன்னதற்கும். விற்காததற்கு மன்னிப்புக் கேட்க முயற்சி பண்ணினேன், இந்தப் பத்தியை நாலு தடவை எழுதி அழித்தேன், வரவில்லை.

மாப்பிள்ளை போன வாரம் கேட்டான்: "மாமா, அடுத்த வேர்ல்டு கப் அமெரிக்காவுல, போவமா?" விசாரித்தேன், சும்மா ஆசைக்கு. 2026 ஜூலை 19, நியூஜெர்சி. இந்த மாசம் சொன்ன விலைப்படி இறுதிப் போட்டிக்குக் குறைந்த டிக்கெட்டே 4,185 டாலர். இந்த முறை கிராக்கி ஏற ஏற விலையும் ஏறுமாம், மார்கழியில் பூ விற்கிற மாதிரி. வாங்கியவன் போட்டியை நடத்துகிற ஃபிஃபாவின் தளத்திலேயே மறுபடி விற்றால் விற்கிறவனிடம் 15 சதவீதம், வாங்குகிறவனிடம் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்களாம். சட்டம் போட்டு அபராதம் என்று எங்களைப் பயமுறுத்திய வியாபாரத்தை இப்போது ஃபிஃபாவே கடை போட்டு நடத்துகிறது. ஊரெல்லாம் திட்டியதும் முந்தாநாள் 60 டாலர் டிக்கெட் கொஞ்சம் அறிவித்தார்கள், அது ஆடுகிற நாடுகளின் பழைய ரசிகர்களுக்கு. நமக்கு நாடே ஆடவில்லை.

4,185 டாலர் என்றால் நம் காசுக்கு மூன்றே முக்கால் லட்சம். இந்த வாரம் பவுன் ஒரு லட்சத்தைத் தொட்டுவிட்டது. ஒரு மூலை டிக்கெட்டும் உன் நாலு பவுனும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வந்து நிற்கின்றன. அன்றைக்கு நான் வாங்கின டிக்கெட் அரைப் பவுனுக்கும் குறைவு. இதில் எனக்கு என்ன ஆறுதல் என்று கேட்காதே, ஒரு வாரமாக இந்தக் கணக்கையே போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளையிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். இங்கே நான் போட்ட நகைச் சீட்டு முடிந்துவிட்டது. இரண்டு பவுன்தான் வந்தது. நாலு வரும் என்றுதான் ஆரம்பித்தேன், விலை என்னைவிட வேகமாக ஓடிவிட்டது. அன்றைக்கு விற்றிருந்தால் நாலும் இருந்திருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். டிட்வா புயல் மழையில் முழுகிய வயலை நீ காட்டினபோதே இதைச் சொல்ல நினைத்தேன், அன்றைக்கும் அடுப்பில் பால்.

பொங்கலுக்கு வருகிறேன். சங்கிலியை எல்லோர் முன்னாலும் தர மாட்டேன், நீயும் வேண்டாம் வைத்துக்கொள் என்று நாடகம் போடாதே. வாங்கிக்கொண்டு, எட்டாயிரத்தைப் பற்றி என்ன திட்ட வேண்டுமோ திட்டிவிடு. பட்டுக்கோட்டை வரைக்கும் திட்டினாயே, அந்த அளவுக்கு. நான் சைக்கிளில் பின்னால்தான் உட்கார்ந்திருப்பேன், எங்கேயும் இறங்கிவிட முடியாது.

தொப்பி போட்டிருந்தேன். நீலத் தொப்பி.

உன் தம்பி