செயலாளரின் ஆண்டறிக்கை: மழைக்கால ஃபுட்சால்

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் நீரோடி முதல் இரயுமன்துறை வரையிலான நம் கடற்கரை ஊர்களில் கால்பந்தைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்து வரை போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆனால் வருடாவருடம் வரும் தொல்லை இந்த ஆண்டும் வந்தது. ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில்தான் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகும் பையன்கள் ஊரில் இருப்பார்கள். அப்போதுதான் தென்மேற்குப் பருவமழையும் கொட்டும். ஆள் உண்டு, மைதானம் சேறு. கடற்கரையில் ஆடலாம் என்றால் கடலரிப்பு போக மிச்சமிருக்கும் மணலில் கோல் கம்பம் நடக்கூட இடமில்லை.

ஆகவே கூரை போட்ட ஒரு சிமென்ட் தளத்தை மாலை நேரங்களில் வாடகைக்கு எடுத்து, அணிக்கு ஐந்து பேராகச் சிறிய தளத்தில் ஆடும் கால்பந்தான ஃபுட்சால் நடத்தினோம். நான்காம் எண் பந்து, அதிகம் துள்ளாது. மணலில் பந்தைத் தூக்கி அடித்தே வளர்ந்த பையன்கள் முதல் வாரம் திணறிவிட்டார்கள். கோட்டுக்கு வெளியே போன பந்தை வைத்துக்கொண்டு, யாருக்குக் கொடுக்கலாம் என்று அண்ணன்மார் முகத்தைப் பார்த்து நிற்பார்கள். ரெஃபரி விரல்விட்டு எண்ணி, நான்கு விநாடி முடிந்ததும் விசில் ஊதி, பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிடுவார். அப்புறம் தானாகவே பழகிவிட்டது. உள்ளங்காலால் பந்தை நிறுத்தி, தலை தூக்கிப் பார்த்து, டக்கென்று பாஸ் கொடுக்கிறார்கள்.

இதனால் பதினொருவர் ஆட்டம் கெட்டுப்போகும் என்று மூத்த ஆட்டக்காரர்கள் சிலர் கோபப்பட்டார்கள். நீண்ட பாஸும் தலையால் முட்டுவதும் இங்கே வளராது என்பது சரிதான். அதற்குத்தான் மழை விட்டதும் பெரிய மைதானம் இருக்கிறதே! வலையடித்த செயற்கைப்புல் டர்ஃபில் ஐந்து பேர் ஆடுவதை ஃபுட்சால் என்று நோட்டீஸ் அடிப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஃபுட்சாலில் பந்து சுவரிலோ வலையிலோ பட்டுத் திரும்பி ஆட்டம் தொடராது. கோட்டைத் தாண்டினால் வெளியேதான். ஒரு அணி ஒரு பாதியில் செய்யும் ஆறாவது ஃபவுலிலிருந்து, ஆட்கள் முன்னால் சுவராக நின்று தடுக்க முடியாத ஃப்ரீகிக் எதிரணிக்குக் கிடைக்கும். 2021இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கிளப்புகளுக்கான தேசிய ஃபுட்சால் போட்டியையே தொடங்கிவிட்டது. அங்கே போக ஆசைப்படும் பையன் இந்த விதிகளில்தான் பழக வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் கேட்டு வந்த தாய்மாருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அதை இன்றே முடிவு செய்யலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அடுத்த தடைக்காலத்துக்கு அதே தளத்தை ஏப்ரலிலேயே முன்பணம் கட்டிப் பிடித்துவைக்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்டுக்கொள்கிறேன்.