கம்பி போனைக் கழட்டிட்டீங்க, சரி, புயலுக்கு என்ன வழி?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

செல்போன் டவர் வந்தா எல்லாம் சரியாகிரும்னு நாங்களும் நம்புனோம். 2025 நவம்பர் டித்வா புயல்ல கரண்ட் போச்சு, டவர் பேட்டரியும் எறங்கிருச்சு, உசுரோட இருக்கோம்னு கொழும்புல இருக்க மகனுக்கு சொல்லவே மூணு நாளாச்சு. முந்தி தேயிலைத் தோட்ட ஆபீஸ்ல இருந்த செம்புக்கம்பி போனுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல இருந்தே 48 வோல்ட் கரண்ட் வரும், நாங்க இருக்க லயத்துல, அதான் தோட்டத்து லைன் வீடுகள்ல, கரண்ட் இல்லாட்டியும் மணியடிக்கும், அதத்தான் கழட்டிட்டாங்க. சாதாரண நாள்லயும் சிக்னல் ஒரு கோடுதான், டவர் தூரமா இருந்தா போனு கூடுதலா சக்தி இழுக்கும், அந்திக்குள்ள சார்ஜ் காலி. கொரோனா நேரம் மக ஒன்லைன் கிளாசுக்கு குடைய புடிச்சிக்கிட்டு மலை உச்சியில நின்னது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. டவருக்கெல்லாம் ஜெனரேட்டர் வைங்க, தோட்டத்துக்கு ஒரு கம்பி போனாவது திருப்பி குடுங்க.

இப்படிக்கு,
ஒரு தோட்டத்து அம்மா,
தலவாக்கலை