தாம் கிராபோக் கட்டுரை: முகங்களையாவது மறையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தாய்லாந்தின் சராபுரி மாநிலத்தில் போதைக்கு அடிமையானோருக்குச் சிகிச்சையளிக்கும் தாம் கிராபோக் பௌத்த மடத்தைப் பற்றிச் சென்ற ஞாயிறு மலரில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வாந்தியும் ஓலமுமாக இருக்கும் இந்த இடத்தை அந்தச் சின்னக் கிராமத்தார் எப்படித்தான் சகித்துக்கொள்கிறார்களோ என்று அதில் ஒரு வரி வருகிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

ஹெராயினில் சிக்கியிருந்த என் தம்பியை அங்கே அழைத்துச் சென்றவள் நான். பிற்பகலில் வரிசையாக மண்டியிட்டு, கரிய மூலிகைச் சாற்றை விழுங்கி, வாளித் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்து, குடலே வெளியில் வந்துவிடுமோ என்று பார்ப்பவர் பதறும்படி வாந்தியெடுப்பார்கள். முதல் ஐந்து நாளும் இதுதான். பின்னால் நிற்பவர்கள் கைதட்டிப் பாடித் தெம்பூட்டுவார்கள். தம்பி நிலைகுலைந்து சரிந்தபோது, ஊர்க்காரரான ஒரு முதியவர் அருகில் உட்கார்ந்து, அவன் வாயைத் தம் தோள்துண்டால் துடைத்து, முதுகை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். வெளியே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அம்மாள், நான் ஏன் அழுகிறேன் என்றுகூடக் கேட்காமல் சூடான கஞ்சியை என் முன்னால் வைத்தார். காசு கொடுத்தும் வாங்கவில்லை. இதையா சகித்துக்கொள்வது என்கிறீர்கள்?

தாய்லாந்தில் அபினி தடைசெய்யப்பட்ட காலத்தில், 1959இல், தொடங்கிய பணி அது. அதை முன்னின்று நடத்திய பிக்கு சம்ரூன், துறவு பூணும்முன் காவல்துறையில் இருந்தவர். 1975இல் ரமோன் மகசேசே விருது பெற்றவர் என்பது தாங்கள் அறியாததல்ல. கட்டுரையில் அவர் பெயரே இல்லை. இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகே அங்கே மருந்து தருகிறார்கள் என்பதும், ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே முறைதான் அந்தச் சிகிச்சை என்பதும் இல்லை. அந்தச் சத்தியத்தை விட்டுவிட்டு வாந்தியை மட்டும் எழுதினால் அது வேடிக்கையாகத்தான் தெரியும்.

சகிப்பைப் பற்றிப் பேசும் நாம் இங்கே சிங்கப்பூரில் எப்படி நடந்துகொள்கிறோம்? தம்பி திருந்தி வந்த பிறகும், நெருங்கிய உறவினர் ஒருவர் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரை மட்டும் எழுதி அனுப்பினார். வேலை கொடுத்த முதலாளி, பழைய கதை தெரிந்ததும் மறுநாள் முதல் வரவேண்டாம் என்றார். சிறையிலிருந்து வெளிவருவோருக்கு மறுவாய்ப்புக் கொடுக்கச் சொல்லும் மஞ்சள் ரிப்பன் திட்டம் 2004இல் தொடங்கியதிலிருந்து சட்டையில் ரிப்பனைக் குத்திக்கொள்கிறோம். ஆனால் எங்கள் வட்டாரத்தில் ஒரு மறுவாழ்வு இல்லம் வரப்போவதாகப் பேச்சு எழுந்ததும், எதிர்ப்பு மனுவில் கையெழுத்துக் கேட்டு என் வீட்டுக் கதவையே தட்டினார் கீழ்வீட்டுக்காரர். இந்து அறக்கட்டளை வாரியத்தின் ஆசிரமம் போன்ற மறுவாழ்வு இல்லங்களுக்குத் தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்பும் நம்மில், அங்கிருந்து வெளியே வருபவருக்கு ஓர் அறையை வாடகைக்கு விட எத்தனை பேர் முன்வருவோம்? தங்கள் நாளிதழிலும் போதைப்பொருள் செய்தி என்றால் ஊசியும் பச்சை குத்திய கையும்தான் படமாக வருகின்றன. அதைப் பற்றி முன்பே எழுதியிருந்தேன், பதில் கிடைக்கவில்லை.

இப்போது நான் கேட்பது மிகச் சிறிய உதவி. கட்டுரையோடு வந்த படத்தில் வாந்தியெடுக்கும் இளைஞர்கள் இருவரின் முகங்கள் நன்றாகத் தெரிகின்றன. அச்சில் வந்ததை மாற்ற முடியாது. இணையப் பதிப்பிலாவது அந்த முகங்களை இந்த வாரமே மறைத்துவிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
ஈசூன்