மீதிக் கணக்கைக் காரணத்தோடு சொல்லிக்கொடுங்கள்: செட்டிநாட்டுப் பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் போட்டித் தேர்வுக்குக் கணக்கு நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

குரூப் 4 எழுதப்போகும் பிள்ளைகள் சிலருக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்களில் பலர் உங்களிடமும் படிக்கிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற பிள்ளைகளுக்காக நீங்கள் விடியற்காலையில் வகுப்பு வைப்பது எனக்குத் தெரியும், அதை மனதார மதிக்கிறேன். மீதி, வகுபடும் தன்மை இரண்டையும் நடத்தும் விதத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

பிள்ளைகளின் நோட்டில் இப்படி ஒரு கணக்கு இருந்தது: ஓர் எண்ணை 56 ஆல் வகுத்தால் மீதி 29, அதே எண்ணை 8 ஆல் வகுத்தால் மீதி என்ன? கீழே "29-ஐ 8 ஆல் வகு, விடை 5" என்று எழுதியிருந்தது. விடை சரிதான். நான் 8-க்குப் பதிலாக 9 என்று மாற்றிக் கேட்டேன். யோசிக்காமல் 2 என்றார்கள். எண் 29 ஆக இருந்தால் மீதி 2. ஆனால் 85-ஐ 56 ஆல் வகுத்தாலும் மீதி 29தான். அதை 9 ஆல் வகுத்தால் மீதி 4. ஆக, இந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. 56 என்பது 8-இன் மடங்கு என்பதால்தான் முதல் கணக்கில் அந்த வழி செல்லுபடியாகிறது. இந்த ஒரு வரி நோட்டில் இல்லை.

24 ஆல் வகுபடுமா என்று பார்க்க 4, 6 இரண்டாலும் வகுத்துப் பார்க்கிறார்கள். 36 இரண்டாலும் வகுபடும், 24 ஆல் வகுபடாது. பொதுக் காரணி இல்லாத 3-ஐயும் 8-ஐயும்தான் எடுக்க வேண்டும்.

200 கேள்விக்கு 3 மணி நேரம், அதில் திறனறிவுக்கு 25 கேள்விகள். காரணம் சொல்லிக்கொண்டிருக்க நேரம் ஏது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் காரணத்தைச் சொல்ல வேண்டிய இடம் வகுப்பு. அங்கே ஒருமுறை புரிந்துவிட்டால் தேர்வு அறையில் நேரம் மிச்சமாகும். 5, 6, 7 ஆல் வகுக்க முறையே 3, 4, 5 மீதி தரும் மிகச் சிறிய எண்ணைக் கேட்டால், மூன்றிலும் மீதி வகுக்கும் எண்ணைவிட 2 குறைகிறது என்று கண்டுகொண்ட பிள்ளை, மீச்சிறு பொது மடங்கான 210-இலிருந்து 2-ஐக் கழித்து 208 என்று உடனே எழுதிவிடும். 5, 6, 7 ஒவ்வொன்றாலும் வகுக்க மீதி 3, ஆனால் 13 ஆல் மீதியின்றி வகுபட வேண்டும் என்று மாற்றிக் கேட்டாலும் திகைக்காது. 210-ஐ 13 ஆல் வகுத்தால் மீதி 2. ஆகவே 210-ஐ எத்தனை மடங்கு எடுக்கிறோமோ அதன் இருமடங்கோடு 3-ஐக் கூட்டினால் 13 ஆல் வகுபட வேண்டும். 5 மடங்கு எடுத்தால் 10-உம் 3-உம் சேர்ந்து 13. எண் 210 × 5 + 3 = 1053. பேப்பரில் இரண்டு வரிகூட ஆகாது.

மீப்பெரு பொதுக் காரணிக்கு நம் ஊரிலேயே கணக்கு இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நடக்காத பிள்ளை இங்கே இல்லை. 220 அங்குல நீளமும் 160 அங்குல அகலமும் கொண்ட ஓர் அறையில், வெட்டாமல் பதிக்கக்கூடிய மிகப்பெரிய சதுரக் கல் எது? கரும்பலகையில் அறையை வரையுங்கள். 160-க்கு 160 சதுரம் ஒன்றை அடைத்தால் 60 அங்குலப் பட்டை மிஞ்சும். அந்தப் பட்டையில் 60-க்கு 60 சதுரம் இரண்டு போனால் மிஞ்சுவது 60-க்கு 40. அதில் 40 சதுரம் ஒன்று போக, 40-க்கு 20. அது 20 சதுரம் இரண்டாக மீதியில்லாமல் அடைபடும். கல்லின் பக்கம் 20 அங்குலம். ஒரு வரிசைக்கு 11 கல் வீதம் 8 வரிசை, மொத்தம் 88 கல். ஒரு கல் 220-ஐயும் 160-ஐயும் சரியாக அளக்கிறது என்றால், மிஞ்சிய 60-ஐயும் அது அளந்தாக வேண்டும். பத்தாம் வகுப்புப் பாடத்தில் யூக்ளிடின் வழிமுறை என்று வருவது இதுதான். பிள்ளைகள் அதைப் பரீட்சைக்காகப் படித்து, அப்புறம் மறந்துவிட்டார்கள். இந்தப் படத்தை வரைந்து காட்டியபோது ஒரு பெண், "இதுக்கு எதுக்கு டீச்சர் சூத்திரம்?" என்று கேட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இலக்கங்களின் கூடுதல் 9 ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும் என்று எல்லோருக்கும் மனப்பாடம். 10 என்பது 9-உம் 1-உம், 100 என்பது 99-உம் 1-உம் என்று கூடவே சொல்லிவிடுங்கள். 10 என்பது 11-இல் ஒன்று குறைவு என்று சொன்னால், 11-க்கு ஏன் ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழிக்கிறோம் என்பதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். நீங்கள் தரும் ஒவ்வொரு குறுக்குவழியின் கீழும் அது எப்போது செல்லாது என்று ஒரு கணக்குக் கொடுங்கள். மாதிரித் தேர்வில் எண்ணை மட்டும் மாற்றாமல், கேள்வியின் நிபந்தனையையும் மாற்றிக் கேளுங்கள். இந்த மாதிரிக் கணக்குகளை எழுதி வைத்திருக்கிறேன். கேட்கும் மையத்துக்கு நகல் எடுத்துத் தருகிறேன்.

அன்புடன்,
தேவகோட்டையிலிருந்து ஒரு கணித ஆசிரியை