அடுத்த பகுதி சபை என்றைக்கு?

எங்கள் வார்டு கவுன்சிலர் அவர்களுக்கும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபையைக் கூட்டும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

போன கூட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் போட்டோ வந்த பிறகுதான் அப்படியொன்று நடந்ததே எங்கள் தெருவுக்குத் தெரியும்.

ஒருவருக்கு மட்டும் எப்படியோ முன்பே தெரிந்திருந்தது. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன். வண்டியை ஒட்டி மழைநீர் வடிகாலின் மூடி உடைந்து கிடக்கிறது. அதில் செருகிய தென்னை மட்டைதான் எச்சரிக்கைப் பலகை. மனு எழுதிக் கொடுத்தது நான். கசங்காமல் இருக்க, தேய்த்த சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்தார். பதினொரு மணிக் கூட்டத்துக்குப் பெட்டியில் கரியை அவித்துவிட்டுக் கிளம்பினார். வார்டு ஆபீஸ் பூட்டு. கூட்டம் கல்யாண மண்டபத்துக்கு மாறிவிட்டதாம். தேடிப் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மனுவை வாங்க ஆளில்லை. "வந்ததுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கண்ணே" என்று நோட்டை மட்டும் நீட்டியிருக்கிறார்கள். தீர்மானம் எழுத வேண்டிய இடம் வெள்ளையாக இருந்திருக்கிறது. போட்டுவிட்டு வந்தவர், "எதுக்குங்க நான் ஒத்துக்கிட்டேன்?" என்று என்னைக் கேட்கிறார்.

தேதியையும் இடத்தையும் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். தீர்மானத்தை எழுதிய பிறகு கையெழுத்து வாங்குங்கள். இவ்வளவுதான் கேட்கிறோம்.

கிராமங்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்றால் கிராம சபை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மார்ச் 22, நவம்பர் 1 வேறு சேர்ந்துவிட்டன. 200 வார்டு இருக்கிற சென்னையில் எங்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கண்ணாமூச்சி? பேனருக்குக் குறைவில்லை. கவுன்சிலர் பிறந்தநாள் என்றைக்கு என்று இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த பிளெக்ஸில் ஓரமாகக் கூட்டத் தேதியையும் அச்சடித்தால் செலவும் மிச்சம்.

கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாமா, நடவடிக்கைக் குறிப்பைப் பார்க்கலாமா என்பதை அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு. அதற்கும் பத்து ரூபாய் கட்டி, மனுப் போட்டு, 30 நாள் காத்திருக்க வைக்காதீர்கள்.

கோபத்தில் ஏதாவது கூடச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினால் போதும், ஒரு வாரம் முன்பே. தயவுசெய்து.

மனு இன்னும் சட்டைகளுக்கு அடியில்தான் இருக்கிறது. பழைய தேதியை அடித்துவிட்டோம். புதுத் தேதி நீங்கள் சொன்னால் எழுதிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தெருமுனை வீட்டுக்காரன்